நவுன் தெரிந்த வேதநாயகி அக்கா

பொம்மனஹள்ளி நிறுத்தத்தில் பஸ் வரும்வரை வேதநாயகி அக்கா சும்மா நிற்பதில்லை. எதிரே தெரியும் பலகைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்கிறார். "டிரைவிங் ஸ்கூல். ஸ்கூல் நவுனு, சரி. இந்த டிரைவிங்கு என்னா பிரபா? வெர்ப்பு மாதிரி இருக்குது, ஆனா நவுனுக்கு முன்னாடி போய் குந்திக்கினு இருக்குதே?" என்று என் தோளைத் தட்டுகிறார். நான் அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவள். எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸுக்காக அதே இடத்தில் நிற்கிறவள். கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது என்பது அவர் நினைப்பு. எனக்குத் தெரிவதில்லை. பதிலைத் தேடுவதற்குள் பஸ் வந்துவிட்டால் நிம்மதியாக ஏறிக்கொள்கிறேன்.

அக்காவுக்கு முப்பத்தொன்பது வயது. சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். ஓசூர் ரோட்டில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் செக்கர். தைத்து வரும் சட்டையை மேசையில் விரித்து, காலர், கைப்பட்டி, பொத்தான் துளை என்று விரலால் தடவிக்கொண்டே போவார். தப்பு தென்பட்ட இடத்தில் நகத்தளவு சிவப்பு அம்புக்குறி ஒன்றை ஒட்டிவிடுவார். அந்த அம்புக்குறிகளில் சில புடவை முந்தானையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிடும். அவர் சமையலறை அலமாரித் தட்டில் விரித்திருக்கும் இங்கிலீஷ் பேப்பரில், கடுகு டப்பாவுக்கும் மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் நடுவே, நவுன் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிவப்பு அம்பு நிற்கும்.

ஏழாம் வகுப்போடு நின்றவர். சூப்பர்வைசர் ஆக எஸ்.எஸ்.எல்.சி. வேண்டும் என்றார்கள். தனித்தேர்வராக எழுதினார். கணக்கு உட்பட எல்லாம் தேறிவிட்டது. இங்கிலீஷ் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. வினாத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் ஒன்றைக் கண்டுபிடித்தார்: கட்டுரை கைக்கு எட்டாது, செய்யுள் எட்டாது, ஆனால் 'கீழ்க்கண்ட சொல்லின் நவுன் வடிவத்தை எழுதுக' என்பது எட்டும். அவென்யூ ரோட்டு நடைபாதையில் ஒரு பழைய இலக்கணப் புத்தகம் வாங்கினார். அதன் கடைசிப் பக்கங்களில் வெர்ப் இடது பக்கம், நவுன் வலது பக்கம் என்று நீளமான பட்டியல் இருந்தது. அதை உருப்போடத் தொடங்கினார்.

"வெர்ப்புன்னா மெஷின் ஓடுறது. நவுனுன்னா ஓடி முடிச்சி கையில வர்ற பீசு. அவ்ளோதான்," என்பார். பட்டியல் முழுவதும் அவருக்கு வால்கள்தான். டிசைடுக்கு ஷன் வால், டிசிஷன். பே-க்கு மென்ட் வால், பேமென்ட். ஒரு நாள் துணி உலர்த்திக்கொண்டே, "லாஃபுக்கு லாஃப்மென்ட்டு" என்றார். லாஃப்டர் என்று திருத்தினேன். ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "ஓ, லாஃபுக்கு ஆஃப்டர் வர்றதா? சிரிச்சி முடிச்ச அப்புறம். கரெக்ட்டு, கரெக்ட்டு" என்று தானே சமாதானமாகிவிட்டார்.

லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அவர் கணவர் அப்பாதுரைக்கு இதில் பெருமையும் உண்டு, அலுப்பும் உண்டு. "சோறு கேட்டா, ரைஸ் நவுனு, கேக்குறது வெர்ப்புன்றாமா. ரெண்டுல ஒண்ணயாவது தட்டுல போடுன்னேன்," என்று என்னிடம் முறையிட்டிருக்கிறார்.

தொழிற்சாலையிலும் கேலி இருந்தது. பக்கத்து மேசை சரசு, "இங்கிலீஷ் டீச்சர் வந்துட்டாங்க, எந்திரிங்கடி" என்று தினமும் குரல் கொடுப்பாளாம்.

போன வருடம் ஜனவரியில் ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரம் முடிந்ததும் எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். மேனேஜர் அனந்தபத்மநாபன் ஒரு கட்டுத் தாளோடு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். கம்பெனி பெயர் மாறுகிறது, ஆளுக்கொரு கையெழுத்து போட வேண்டும், வேறொன்றுமில்லை என்றார். தாள் முழுக்க இங்கிலீஷ். ஆறு பேர் போட்டுவிட்டார்கள், சரசு ஆறாவது. அடுத்து அக்கா.

"எனுக்கு எங்க முழுசா படிக்க வருது? பழக்க தோசத்துல நவுனு எங்க இருக்குதுன்னு தேடுனேன்," என்றார் அன்று சாயங்காலம் என்னிடம். "மூணாவது லைன்ல ஒண்ணு நின்னுது. ரெசிக்னேஷன். பெரிய வாலு. வாலை எடுத்துட்டு பார்த்தா ரெசைன். என் புக்குல ரிப்பீட்டுக்குக் கீழ, ரிவைசுக்கு மேல. ரெசைன்னா வேலைய விடுறது பிரபா."

பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

"சார், இதுல ரெசிக்னேஷன்னு இருக்குது. யாரு ரெசைன் பண்றது? நானா?"

"அது சும்னே ஃபார்மாலிட்டி அம்மா. சைன் மாடி," என்று கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார் மேனேஜர், கன்னடத்தில்.

"ஃபார்மாலிட்டியும் நவுனு, ரெசிக்னேஷனும் நவுனுதான் சார். எது பெரிசு?"

மேனேஜர் நிமிர்ந்து பார்த்து, உங்களுக்கு இங்கிலீஷ் வருமா என்று கேட்டார். "நிமகே இங்கிலீஷ் பருத்தா?"

"ஸ்வல்ப சார். நவுனு மாத்ர." கொஞ்சம்தான், நவுன் மட்டும்.

பிறகு அக்கா திரும்பி, வரிசையைப் பார்த்து உரக்கச் சொன்னார். தமிழில் ராஜினாமா, கன்னடத்தில் ராஜினாமே. ஒரே சொல்லாக எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. "நாமளா வேலைய விடுறோம்னு எழுதியிருக்குது. பேரு மாறுன கம்பெனில புதுசா சேர்ற மாதிரி ஆயிடும். என்னோட பதினோரு வருச சர்வீசு, உங்க எட்டு வருசம், எல்லாம் இந்த ஒரு கையெழுத்துல போயிடும்." வரிசை கலைந்தது. சரசு மேசைக்குப் போய், கட்டின் மேலே இருந்த ஆறு தாள்களையும் உருவி எடுத்துச் சேலைக்குள் செருகிக்கொண்டாளாம். யாரும் தடுக்கவில்லை.

இதைச் சொல்லி முடிக்கும்வரை நான் கொடுத்த காபியை அக்கா தொடவில்லை. "தப்பா படிச்சிருந்தா என்னா ஆயிருக்கும்? அத்தினி பேர் முன்னாடி?" என்று மறுபடி மறுபடி கேட்டார். புத்தகத்தைக் கொண்டுவந்து அந்த வரியைக் காட்டச் செய்தேன். சரியாகத்தான் படித்திருந்தார். அப்புறம்தான் காபியைக் கையில் எடுத்தார்.

பத்து நாள் கழித்து வேறொரு தாள் வந்தது. இம்முறை கன்னடமும் இருந்தது. பழைய சர்வீஸ் அப்படியே தொடரும் என்று எழுதியிருந்தது. யூனியன்காரர் ஒருவர் வந்து படித்துச் சொன்ன பிறகு எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அக்காவை மட்டும் செக்கிங் மேசையிலிருந்து நூல் வெட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஏப்ரலில் மூன்றாம் முறை எழுதி நாற்பத்தொரு மார்க்கில் தேறினார். சூப்பர்வைசர் பதவி வரவில்லை; இனி வரும் என்று அவரும் நம்பவில்லை. நாள் முழுக்கக் கத்தரி பிடித்துக் கட்டைவிரல் காய்த்துப் போயிருக்கிறது. "வெட்டுறது வெர்ப்பு. காப்பு நவுனு," என்று விரலைக் காட்டிச் சிரிக்கிறார். சரசு இப்போது இடைவேளையில் தன் வீட்டுக்கு வரும் இங்கிலீஷ் காகிதங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு அவரிடம் வருகிறாள். பள்ளிக்கூடத்து நோட்டீஸ், கேஸ் கம்பெனிக் கடிதம், எதுவானாலும்.

போன மாதம் எனக்கும் ஹரிஷ்குமாருக்கும் பதிவுத் திருமணம் நடந்தது. என் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. என் பக்கத்துச் சாட்சியாக அக்காவைத்தான் கூப்பிட்டேன். அரை நாள் லீவு போட்டு, பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஹரிஷ்குமார் கையெழுத்திட்டான், நான் இட்டேன், தாள் அக்காவிடம் போனது. அவர் விரலை முதல் வரியில் வைத்தார். உதடு அசைய, வரிவரியாகக் கீழே இறங்கினார். பின்னால் இன்னும் மூன்று ஜோடிகள் மாலையோடு நின்றார்கள். "பேக அம்மா, பேக" என்று சீக்கிரம் முடிக்கச் சொன்னார் குமாஸ்தா. அக்கா தலை தூக்கவில்லை. கடைசி வரி முடிந்தது. என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு தாளைத் திருப்பி, ஒன்றும் எழுதாத அந்தப் பின்பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.