ஒரு மணி நேர இல்லஸ்ட்ரியஸ்

"கிரேட் காலியா இருக்கா, பாப்பா?" என்று கேட்டார் ஜேசுராஜ் மாமா. இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இல்லை மாமா. ஃபோர்மேன் சந்திரமோகன் சாரிடம் இருக்கிறது."

"ஃபேமஸ்?"

"கேன்டீன் பெருமாள்."

"பெருமாளுக்கா? அவன் டீயை எவனும் ரெண்டாவது தடவை கேட்டதில்லையே."

"அவர் ஓய்வு பெற்றபோது நிறைய வார்த்தைகள் மிச்சம் இருந்தன."

கொஞ்சம் யோசித்தார். "எமினென்ட்?"

"கம்பவுண்டர் ஜேம்ஸ். போன வருஷம் தவறிவிட்டார்."

"அப்ப காலிதானே?"

"கல்லறையில் வெட்டிவிட்டார்கள்."

"நக்கோ பாப்பா. செத்தவன் கல்லைச் சுரண்டி எடுத்தது எனக்கு வேணாம்."

1937 ஜூன் மாதம், லாலாகுடா ரயில்வே காலனியில், எங்கள் வீட்டு முன்னறையில் நடந்த பேச்சு இது. மாமா ஓய்வு பெற ஆறு வாரம் இருந்தது.

ஓய்வு பெறுகிறவருக்கு இங்கிலீஷில் ஒரு வாழ்த்துப் பத்திரம் எழுதி, விழாவில் படித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பது எங்கள் காலனி வழக்கம். நான் இரண்டு மொழி படித்தவள் என்பதால் எழுதுவதும் படிப்பதும் என் வேலை. ஒரு முறை 'செலிபிரேட்டட்' இரண்டு பேருக்குப் போய்விட்டது. அந்த இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க மறுத்தார்கள். விழாக் கமிட்டியின் காரியதரிசி உலகநாதன் உடனே ஒரு விதி செய்தார். புகழைச் சொல்லும் வார்த்தை ஒன்று, ஆள் ஒன்று. ரயில்வே உத்தியோகம் மாதிரி, ஆள் போனால்தான் இடம் காலி. பட்டியல் என் மேஜை இழுப்பறையில் இருந்தது.

ஜேசுராஜ் மாமா ரயில்வே பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் சங்கு ஊதியவர். நீராவியில் ஊதும் சங்கு. சங்கிலியை இழுத்தால் மெட்டுகுடா தாண்டியும் கேட்கும். பாதி செகந்திராபாத் அவர் கையசைவில் எழுந்தது, சாப்பிட்டது, வீடு திரும்பியது. ஆனால் அவர் மனைவி ஆரோக்கியமேரி அத்தைகூட, "பட்டறை ஊதிடுச்சு, உலை வைக்கணும்" என்றுதான் சொல்வார்.

பட்டியலில் மிஞ்சியிருந்தது 'வெல்-நோன்' ஒன்றுதான்.

"நல்லாத் தெரிஞ்சவன்னு அர்த்தமா? என்னை யாருக்குத் தெரியும்? பொய் எழுதக் கூடாது" என்றார் மாமா. "இல்லஸ்ட்ரியஸ் எழுது."

"அதற்குப் பெரும்புகழ் பெற்றவர் என்று அர்த்தம், மாமா."

"அது இங்க யாருக்கும் தெரியாது. அதனால பொய்யாகாது."

இல்லஸ்ட்ரியஸ், ஓய்வு பெற்ற ரயில் கார்டு ரூஃபஸ் தாத்தாவிடம் இருந்தது. எழுபத்தொன்பது வயது. இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம்.

"உடம்பு எப்படி இருக்குண்ணே?"

"நல்லா இருக்கு. உனக்கு அதுல வருத்தம்னு தெரியுது."

"ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் அந்த வார்த்தையைக் குடுங்கண்ணே. சேதமில்லாமத் திருப்பிக் கொண்டாந்துடறேன்."

தாத்தா சுவரில் தொங்கிய தம் பத்திரத்தைப் பார்த்தார். "அந்த நேரத்துல நான் என்னவா இருப்பேன்?"

மாமா என்னைப் பார்த்தார். "மிஸ்டர் ரூஃபஸ்" என்றேன்.

தாத்தா வெகு நேரம் தாடையைச் சொறிந்துவிட்டுச் சம்மதித்தார். நாலரையிலிருந்து ஐந்தரை வரை. அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது. வெறும் மிஸ்டராக இருட்டில் வீடு திரும்ப மாட்டாராம்.

வழக்கமாக விழாக்கள் ஐந்து மணிச் சங்கு ஊதியபிறகே தொடங்கும். தாத்தாவுக்காக இதை நாலரைக்கே வைத்து, ஆட்கள் அரை மணி முன்னதாக வரப் பட்டறையில் கமிட்டி அனுமதி வாங்கியது. மாமா மாலையோடு உட்கார்ந்திருந்தார். தாத்தா முன் வரிசையில், கழுத்தில் மஃப்ளர் சுற்றி, கையில் கடிகாரத்தோடு. உலகநாதனின் பேச்சு நீண்டது. கடைசியில் நான் எழுந்து, "தி இல்லஸ்ட்ரியஸ்" என்று வாயைத் திறந்தேன்.

சங்கு ஊதியது.

ஐந்து மணிக்கு வேறு ஒருவர் ஊதுவார் என்பது மாமா உட்பட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. புது ஆள், முதல் நாள் உற்சாகம். ஒரு நிமிஷம் சங்கிலியை விடவில்லை. சங்கு கேட்டதும் கூட்டம் முழுவதும் எழுந்தது, தூக்குச் சட்டிகளை எடுத்துக்கொண்டது, வரிசையாக வீட்டுக்குப் போனது. இருபத்தெட்டு வருஷப் பழக்கம். உலகநாதனும் போய்விட்டார்.

"இருபது விநாடி லேட்டு" என்றார் மாமா, காலி நாற்காலிகளைப் பார்த்து. பிறகு தாத்தா பக்கம் திரும்பினார்.

"யார் காதுலயும் விழலைண்ணே. இன்னொரு நாள் குடுப்பீங்களா?"

"ஒரு தடவை குடுத்தாச்சு, அவ்வளவுதான்" என்றார் தாத்தா. ஐந்தரைக்கு மஃப்ளரை அவிழ்த்து மடித்துக்கொண்டு, நிமிர்ந்து நடந்து போனார்.

மாமாவின் பத்திரத்தை வேறு தாளில் எழுதினேன். பெயருக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருந்தேன். அதை வாங்கிக்கொண்ட அன்று, வாசல்வரை போனவர் திரும்பி வந்து ஒன்று கேட்டார்.

"ரூஃபஸ் அண்ணன் எனக்கு முன்னாடி போற ஆள் இல்ல, பாப்பா. நான் போயிட்டா, என் கல்லறையில அந்த வார்த்தையை நீ சாக்கட்டியால எழுதணும். வெட்டிட வேணாம். அண்ணன் வந்து கேட்டா அழிச்சுக் குடுத்துடலாம். மழை பெஞ்சா மட்டும் மறுபடி ஒருக்கா வந்து எழுதிட்டுப் போ."