முப்பத்தொன்றில் இல்லாத ஓட்டு

ஓட்டு எண்ணி முடித்ததும் மேலாளர் பலகையில் எழுதினார்: மடிப்பக்கா முப்பத்தொன்று, நெட்டையம்மா இருபத்தொன்பது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் யாருக்கும் இதில் ஆச்சரியமில்லை. அங்கே வேலை செய்கிற அறுபது பேரில் முப்பத்தொரு பேர் ஒரு இனம், இருபத்தொன்பது பேர் இன்னொரு இனம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மேற்பார்வையாளரைத் தொழிலாளிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்று எந்தப் புண்ணியவானோ விதி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து ஆறு தேர்தல் நடந்துவிட்டது. ஆள் போய் ஆள் வந்ததில் ஒன்றிரண்டு முன்னே பின்னே ஆகுமே தவிர, பதவி பெரிய பக்கத்தை விட்டு அசைந்ததில்லை. ‘நம்மாளு’ என்ற ஒரு சொல் போதும், கை தானாகப் போய் முத்திரை குத்திவிடும்.

ஆச்சரியப்பட்டவள் ஒரே ஒருத்தி. அவள் ஜெயித்த மடிப்பக்காவேதான். எல்லாரும் கை தட்ட, அவள் பலகையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏனென்றால் அவள் தன் ஓட்டை நெட்டையம்மாவுக்குப் போட்டிருந்தாள். அவள் கணக்குப்படி முப்பதுக்கு முப்பது என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால், அந்தப் பக்கத்திலிருந்து யாரோ ஒருவர் இவளுக்குப் போட்டிருக்கிறார். யார் அந்த ஆள்? மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மூடி எங்கே என்று தேடினாள். மூடி கையில்தான் இருந்தது.

மடிப்பக்கா அந்தக் கூடத்துக்கு வந்து பதினெட்டு வருஷம். குள்ளமான, சதைப்பிடிப்பான உடம்பு, எடுத்ததற்கெல்லாம் சிரிப்பு, இரண்டு முழங்காலிலும் வலி. படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து, முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலகி, மறுபடி சேர வேண்டும். ஒன்பது வருஷமாக அவளுடைய மறுமுனையைப் பிடித்தவள் நெட்டையம்மாதான். இவள் அவளுடைய கழுத்தளவுக்குக்கூட எட்டாதவள், அவளோ கதவு நிலையில் தலை இடிக்கிறவள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் மணிக்கு நூற்றிருபது விரிப்பு மடிக்கிற ஜோடி வேறு கிடையாது. சாப்பாட்டு மணி அடித்தால் மட்டும் இவள் ஜன்னலோர மேஜைக்குப் போவாள், அவள் சுவரோர மேஜைக்குப் போவாள். இனத்துக்கு ஒரு மேஜை என்று யாரும் சொல்லி வைத்ததில்லை. உட்கார்ந்தே பழகிவிட்டது.

மேற்பார்வையாளர் வேலைக்கு யார் லாயக்கு என்று கேட்டால் மடிப்பக்கா தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். எந்த வார்டு மூட்டை எத்தனை மணிக்கு இறங்கும், எதை எந்த மெஷினில் போட்டால் உலர்த்தியில் நெரிசல் வராது என்பதெல்லாம் நெட்டையம்மாவுக்கு விரல் நுனியில் இருந்தது. அப்படியிருக்க இவள் ஏன் நின்றாள்? எல்லாம் நாத்தனார் செய்த வேலை. புருஷனின் தங்கை, இஸ்திரிப் பகுதியில் இருக்கிறவள், ஒரே வீட்டில் இருக்கிறவள். “அண்ணி, நம்ம பக்கத்துல வேற ஆளே இல்ல. நம்ம போஸ்ட்டை விட்டுக் குடுக்கச் சொல்றீங்களா?” என்று பேரைக் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள். மடிப்பக்காவும் மறுக்கவில்லை. மேற்பார்வையாளர் அறையில் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று இருந்தது. அவளுடைய முழங்கால் அந்த நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் ஏங்கியது. ஆனால் மறைப்புக்குப் பின்னால் போய்ச் சீட்டைக் கையில் எடுத்தபோது, கை பொய் சொல்ல மறுத்துவிட்டது.

இப்போது நாற்காலி கிடைத்துவிட்டது. முழங்கால் ஓய்ந்தது, மண்டைதான் ஓயவில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அந்த இருபத்தொன்பது பேரையும் ஒவ்வொருவராகப் பார்க்க ஆரம்பித்தாள். பதினெட்டு வருஷம் பக்கத்திலேயே நின்ற மனிதர்களை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. உலர்த்தி மெஷின்காரர் மூக்குக் கண்ணாடியின் உடைந்த காலை நூலால் கட்டியிருந்தார். அழுக்கு மூட்டை பிரிக்கிற பெண், ஒவ்வொரு மூட்டையையும் பிரிக்குமுன் அதனிடம் ஏதோ சொல்லிவிட்டுத்தான் பிரித்தாள். தையல் போடுகிறவர் கிழிசலைப் பார்த்தால் உச்சுக் கொட்டினார், ஏதோ அவர் சட்டையே கிழிந்த மாதிரி. இவர்களில் ஒருவர் தன்னை நம்பியிருக்கிறார் என்று நினைக்கும்போது மடிப்பக்காவுக்குக் கூச்சமும் சந்தோஷமுமாக வந்தது. யாராவது கொஞ்சம் சிரித்தால் போதும், ‘இவர்தானோ?’ என்று மனசு துள்ளும். வாய்விட்டுக் கேட்கத்தான் வழியில்லை. கேட்டால், தான் யாருக்குப் போட்டோம் என்பதையும் சொல்ல வேண்டுமே. வீட்டில் நாத்தனார் சும்மா விடுவாளா?

மூன்றாவது வாரம் மேலாளர் ஓர் அறிவிப்பு ஒட்டினார். ஆறு தேர்தலிலும் அவரவர் இனத்துக்கே ஓட்டு விழுந்திருப்பதால் தேர்தலில் அர்த்தமில்லை. இனி இரண்டு வருஷம் ஒரு இனம், இரண்டு வருஷம் மற்ற இனம் என்று முறை வைத்து நிர்வாகமே நியமிக்கும். இப்போது இருக்கிறவர் காலம் முடிந்ததும் சிறிய பக்கத்துக்கு முறை. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பேசி முடிவு செய்யலாம்.

ஜன்னலோர மேஜை கொதித்தது. சுவரோர மேஜையில் பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சத்தமாகச் சிரிப்புக் கேட்டது. மடிப்பக்காவுக்கு இரண்டிலும் மனசு ஒட்டவில்லை. உடை மாற்றும் அறையில் நெட்டையம்மா தனியாக இருந்த நேரம் பார்த்துப் போய் நின்றாள்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் என் ஓட்டை உனக்குத்தான் போட்டேன்.”

நெட்டையம்மா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்தாள். “உனக்கென்ன பைத்தியமா அக்கா?”

“நீ எனக்குப் போட்டியா? உண்மையைச் சொல்லு.”

“எனக்கு நானே போட்டேன். பின்ன? ஜெயிக்கத்தானே நின்னேன்.”

“அப்ப உங்க பக்கத்துல வேற யாரோ எனக்குப் போட்டிருக்காங்க. அறிவிப்புல எழுதியிருக்கிறது பொய். வெள்ளிக்கிழமை எழுந்து சொல்லிடலாம்னு இருக்கேன்.”

நெட்டையம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தும் இவள் உயரம் இருந்தாள். “நல்லா யோசிச்சுக்கோ. பன்னெண்டு வருஷமா அந்தத் தலைக்கணக்காலதான் நாங்க தோத்தோம். அப்ப யாரும் அது தப்புன்னு எழுந்து நிக்கல. இப்ப அதே தலைக்கணக்கை வச்சு எங்களுக்கு ஒரு வழி பொறக்குது, உடனே உனக்கு நியாயம் ஞாபகம் வந்துடுச்சு. நான் இல்லாட்டி எங்கள்ல இன்னொருத்தி உக்காருவா. அதையும் கெடுக்கப் போறியா?”

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனாலும் மடிப்பக்கா விடாமல், “முறை வந்து நீ உக்காந்தா, இனத்துக்காகக் குடுத்தாங்கன்னுதானே சொல்லுவாங்க? மூட்டைக் கணக்கு உனக்குத் தெரியும்கிறதை யாரு சொல்லுவா?” என்றாள்.

“உன்னை மட்டும் எதுக்காக உக்கார வச்சாங்களாம்?”

இதுதான் சுருக்கென்று தைத்தது. இரண்டு நாள் அந்த நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் அந்தக் கேள்வியும் கூடவே உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை மேலாளர் சாப்பாட்டு அறையில் நின்று பழைய எண்களையெல்லாம் வாசித்தார். கடைசியில், “முப்பத்தொண்ணு, இருபத்தொம்பது. இதுல வேற என்ன அர்த்தம் இருக்கு, நீங்களே சொல்லுங்க” என்றார்.

மடிப்பக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “சார், அந்த முப்பத்தொண்ணுல என் ஓட்டு இல்ல. நான் நெட்டையம்மாவுக்குப் போட்டேன்.”

ஜன்னலோர மேஜையிலிருந்து ஒருவர், “சொந்தக்காரங்க முகத்துல கரியைப் பூசிட்டியேம்மா” என்றார். மடிப்பக்கா நாத்தனாரைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தாள்.

அப்போது நாத்தனாரின் குரல் கேட்டது. “என் ஓட்டும் இல்ல சார்.”

மடிப்பக்கா வெடுக்கென்று திரும்பினாள். வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவள்! “ஏண்டி?” என்ற வார்த்தை கூட்டம் என்பதையும் மறந்து வெளியே வந்துவிட்டது.

“வீட்டுலயும் உங்க அதிகாரம், இங்கயும் உங்க அதிகாரம்னா நான் எங்க அண்ணி போவேன்? ஜெயிக்கத்தான் போறீங்க, என் ஒரு ஓட்டு எதுக்குன்னு நெனச்சேன்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் இரண்டு மேஜையும் சிரித்தது. மடிப்பக்காவுக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, கடைசியில் அவளுக்கும் சிரிப்புத்தான் வந்தது. மேலாளர் விரல் விட்டு எண்ணினார். “அப்படின்னா அந்தப் பக்கத்துலேர்ந்து ரெண்டு பேர் மாத்திப் போட்டிருக்கணுமே. யாரு?”

சுவரோர மேஜையில் சிரித்த முகங்கள்கூட இறுகிப் போயின. மடிப்பக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் சொன்னால் வீட்டில் நாலு நாள் பேச்சு வாங்கலாம், அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமாகத் தோற்றுக்கொண்டே இருக்கிறவர்கள் நடுவில் ஒருவர் எழுந்து, ‘நான்தான் மாற்றிப் போட்டேன்’ என்று சொல்ல முடியுமா?

“அவங்களைக் கேக்காதீங்க சார்” என்றாள். மேற்பார்வையாளர் அறைச் சாவியை எடுத்து மேஜையில் வைத்தாள். “எனக்கு இந்தப் பதவி வேண்டாம். மறுபடி ஓட்டு வைங்க.”

நாற்காலி போகிறதே என்று ஒரு பக்கம் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்தது. ஆனால் சாவி மேஜைக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை மறு ஓட்டு நடந்தது. நெட்டையம்மா முப்பத்தேழு ஓட்டு வாங்கி ஜெயித்தாள். முறைத் திட்டத்தை மேலாளர் அடுத்த தேர்தல் வரைக்கும் ஒத்திப் போட்டார்.

மறுநாள் காலை மடிப்பக்கா மடிப்பு மேஜைக்கு வந்தபோது, அந்தச் சக்கரம் வைத்த நாற்காலி அங்கே நின்றது. “தலகாணி உறை மடிக்க எதுக்கு நிக்கணும்? உக்காந்து மடி. எனக்கு அந்த ரூம்ல உக்கார நேரம் கிடையாது” என்றாள் புது மேற்பார்வையாளர். சொல்லிவிட்டு, ஆள் வரும்வரை தானே ஒரு விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் உதறினார்கள்.

“உனக்கு எம்மேல கோபமில்லையே?”

“இருக்கு” என்றாள் நெட்டையம்மா. “நான் வந்துட்டேன், சரி. நாளைக்கு எங்கள்ல இன்னொருத்தி நிப்பா. அவளுக்காகவும் உன்னை மாதிரி ஒருத்தி எழுந்து நிக்கணுமா? அடுத்த தேர்தல்ல நான் அந்த முறையைத்தான் கேப்பேன்.”

எதிரெதிரே நடந்து வந்தார்கள். முனைகள் சேர்ந்தபோது நெட்டையம்மா குரலைத் தாழ்த்தினாள்.

“உனக்கு ஓட்டுப் போட்டவங்க எங்கிட்ட வந்து சொல்லிட்டாங்க. உலர்த்திக்காரர், மூட்டை பிரிக்கிறவ, தையக்காரர். நான் ஒரு நாள் திட்டிட்டேனாம், அதான் தையக்காரர் உனக்குப் போட்டாராம். இன்னும் ஒருத்தர் பேரைச் சொல்ல வேண்டாம்னுட்டார். மொத்தம் நாலு பேர்.”

“நாலா!” மடிப்பக்காவுக்கு முகம் மலர்ந்தது. தான் சந்தேகப்பட்ட மூவரும் அதில் இருந்தார்கள். “நான் கண்டுபிடிச்சுட்டேன் பார்த்தியா! கண்ணாடி வழியா உத்து உத்துப் பார்த்தேனே!”

“முழுக் கணக்கையும் பாரு. எங்கள்ல நாலு பேர் உனக்குப் போட்டும் உனக்கு முப்பத்தொண்ணுதான் வந்திருக்கு. அப்ப உங்கள்லயும் நாலு பேர் எனக்குப் போட்டிருக்கணும். நீ ஒண்ணு, உன் நாத்தனார் ரெண்டு.”

மடிப்பக்கா விரிப்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். இன்னும் இரண்டு பேர். யார் யார்? முகங்களை நினைவில் கொண்டுவரப் பார்த்தாள். சுவரோர மேஜையில் இருக்கிறவர்களின் கண்ணாடி, நூல், உச்சுக் கொட்டல் எல்லாம் வந்தன. ஜன்னலோர மேஜையில் இருக்கிறவர்களைப் பற்றி ஒன்றுமே வரவில்லை. நம்மாளுதானே என்று அவர்களை அவள் ஒரு நாள்கூட உற்றுப் பார்த்ததில்லை.