எதிர்த்துப் பேச முடியாத ஜெபம்

மிக்சி கருகிவிட்டது. பிளஸ் டூ முடித்த என் மகள் ஜெனி அதை அடுக்களைத் தரையில் கழற்றிப் போட்டிருந்தாள். ஏழு பீரியடும் நின்று பாடம் நடத்திவிட்டு வந்த காலோடு செருப்பை உதறினேன். கருகிய மோட்டார் காயிலின் வாசனை மூக்கில் ஏறியது.

சங்கரன்கோவிலில் நான் பிறந்த வீட்டுத் தெருமுனையில் மோட்டார் காயில் கட்டும் கடை இருந்தது. அங்கேயும் இதே வாசனைதான். செம்புக் கம்பி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்று பள்ளிக்கூடத்துக்குப் பிந்துவேன். பிளஸ் டூ முடித்ததும், "ஐ.டி.ஐ.ல எலக்ட்ரீசியன் படிக்கப் போறேன்ப்பா" என்றேன். அப்பா வாத்தியார். அவர் திட்டவில்லை. சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் புத்தியைத் தெளிவாக்கும். இவளை நல்ல டீச்சராக்கும்" என்றார். ஜெபத்தை யார் எதிர்த்துப் பேச முடியும்? எல்லாரோடும் சேர்ந்து நானும் ஆமென் சொன்னேன். இருபத்தைந்து வருஷமாகச் சாக்பீஸ் தூளைத் தின்கிறேன்.

"காயில் போயிட்டும்மா. படிச்சிட்டு வந்து நானே கட்டுவேன்" என்று ஜெனி ஐ.டி.ஐ. அப்ளிகேஷனை நீட்டினாள்.

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. "மொதல்ல ஜெபம் பண்ணுவோம்" என்றேன். அப்பாவின் வார்த்தைகள் நாக்கில் தயாராக இருந்தன.

முழங்காலிட்டோம். நான் வாயைத் திறக்குமுன் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஆண்டவரே, எங்கம்மாவுக்கு நல்ல மனசைக் கொடும். இந்த அப்ளிகேஷன்ல கையெழுத்துப் போட வையும்."

பழக்கதோஷம். என் வாய் ஆமென் சொல்லிவிட்டது.