தென்காசியில் நான் விட்ட டீ

நோயாளியை வைத்துக்கொண்டு குற்றால சீசனுக்குப் போய்வர முடியுமா என்று போன பதிவில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். முடியும். ஆனி மாதம் கடைசி வியாழக்கிழமை நாங்கள் போய்வந்தோம்.

என் வீட்டுக்காரர் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடையில் முப்பது வருஷம் நின்றவர். ஒரு நாளைக்குப் பத்து டீ குடிப்பார். தொண்டையில் கட்டி வந்து, கதிர்வீச்சு கரண்ட் வைத்து முடித்து நான்கு மாதம் ஆகிறது. கட்டி கரைந்துவிட்டது, கூடவே விழுங்குவதும் போய்விட்டது. எச்சில்கூட இறங்காது, ஒரு டம்ளரில் துப்பிக்கொண்டே இருப்பார். மூக்கில் போட்ட குழாய் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருநூறு மில்லி கஞ்சியோ பாலோ ஊற்றி நோட்டில் எழுதிவைப்பேன். திங்கட்கிழமை திருநெல்வேலியில் விழுங்கும் பரிசோதனை. ஒரு ஸ்பூன் தண்ணீர் ஒழுங்காக இறங்கினால் குழாயை எடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் வயிற்றில் துளை போட்டு அங்கே குழாய் வைப்பார்கள். அதற்கு முன்னால், "சாரல்ல ஒரு நாள் நிக்கணும்" என்று இவர் கேட்டார்.

வாடகைக் கார், போகவர 2,200 ரூபாய். காலை 5.40க்குக் கிளம்பினோம். கடையநல்லூர் தாண்டும்போதே தூறல். 6.35க்குத் தென்காசி கோயில் வாசலில் இருந்தோம், மீட்டரில் 36 கிலோமீட்டர். இவரால் நடக்க முடியாது, காரிலேயே இருந்தார். ஓட்டி வந்த செல்லத்துரைத் தம்பியைத் துணைக்கு வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த காயோ பழமோ ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள், பிறகு ஆயுசுக்கும் தொடமாட்டார்கள். தென்காசியும் காசிதானே என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. எனக்கென்று இருக்கிற ஒரே ருசி டீதான், காலையில் இரண்டு, மாலையில் ஒன்று. சுவாமி முன்னால் நின்று, "இவருக்கு ஒரு மடக்குத் தண்ணி இறங்கட்டும், இனி நான் டீயைத் தொடமாட்டேன்" என்று விட்டுவிட்டு வந்தேன். கோபுர வாசலில் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது. உத்தரவு கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

கார் கதவைத் திறந்தால் இவர் கையில் ஒரு டீ. பாய்லர் கடை டீ, 12 ரூபாய், செல்லத்துரைத் தம்பி வாங்கித் தந்தது. மூக்குக்கு நேரே பிடித்து ஆவியை இழுத்துக்கொண்டிருந்தார்.

"இந்தா, குடி" என்றார். குரல் கரகரவென்றுதான் வரும். "குடிச்சிட்டு எப்படி இருக்குன்னு சொல்லு. அதுக்குத்தான் ஒன்னைக் கூட்டிட்டு வந்தேன்."

"சாரல்னு சொன்னீங்க?"

"டீக்குன்னு சொன்னா நீ வருவியாட்டி?"

நான் வாங்கவில்லை. இன்று விரதம் என்றேன்.

"வியாழக்கிழமை என்ன விரதம்? புதுசா ஒரு சாமி பிடிச்சிருக்கியோ?"

செல்லத்துரைத் தம்பி சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை இறக்கி டீயை ரோட்டில் ஊற்றிவிட்டு, குற்றாலம் வரும்வரை ஐந்து கிலோமீட்டரும் என் பக்கம் திரும்பவே இல்லை.

பேரருவியில் நல்ல தண்ணீர், நல்ல கூட்டம், எங்கும் எண்ணெய் வாடை. குழாய் நனையக்கூடாது என்பதால் குடைக்குள் தூரத்திலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். எட்டு மணி, இருநூறு மில்லி கஞ்சி ஊற்றினேன். பக்கத்தில் லெமன் டீ விற்றுக்கொண்டிருந்தார்கள். இவர் கூடையில் கிடந்த காயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்மூர்க் காய்தான். தோலப் பாரு" என்றார். என்னைக் குடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. 15 ரூபாய் கொடுத்து வாங்கி, அவர் முன்னாலேயே குடித்தேன்.

"எப்படி இருக்கு?"

"இனிப்பா இருக்கு."

"சீனி போட்டா இனிக்கத்தான் செய்யும். எங்கன பிடிக்குது, அதச் சொல்லு."

"நாக்கு ஓரத்துல புளிக்குது. பொறவு லேசாக் கசக்குது. பொறவு..." என்று நிறுத்திவிட்டேன்.

"சொல்லு. தொண்டையிலயா?"

"தொண்டையில சூடா இறங்குது."

அவர் கண்ணை மூடிக்கொண்டு என்னோடு சேர்ந்து விழுங்கினார். தொண்டை மேலே ஏறி, அங்கேயே நின்று, இருமலாக வெளியே வந்தது. துப்பும் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன். இருமி முடித்ததும், "கொட்டை நசுங்கியிருக்கு, அதான் கசக்குது" என்றார்.

அங்கிருந்து செங்கோட்டை ஏழு கிலோமீட்டர். அங்கே ஒரு மலையாளக்காரர் கடையில், "கட்டன் போதுமா சேச்சி? மதுரம் வேணுமா?" என்று கேட்டார்கள். பாலில்லாத கறுப்பு டீ, 10 ரூபாய். இனிப்பில்லாமல் வாங்கினேன். நாக்கை இழுத்துப் பிடித்தது. அதையும் ஒவ்வொரு மடக்காக இவருக்குச் சொன்னேன்.

திரும்பும்போது மனசு கேட்கவில்லை. கோயிலில் விட்டதைச் சொல்லிவிட்டேன்.

"ஏட்டி, அது காசியில. இது தென்காசி. இங்கன விட்டா செல்லாது" என்றார்.

"அண்ணாச்சி சொன்னா சரிதாங்க்கா" என்றார் செல்லத்துரைத் தம்பி.

திங்கட்கிழமை ஸ்பூன் தண்ணீர் இறங்கவில்லை. மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது என்று படத்தில் காட்டினார்கள். வியாழக்கிழமை வயிற்றில் குழாய் வைத்தார்கள். நான் வாக்கை மீறியதால்தானா என்று டாக்டரிடம் கேட்க முடியாது. சுவாமியிடம் கேட்டேன், தினமும் கேட்கிறேன். இவரிடம் மட்டும் கேட்பதில்லை. கேட்டால் மறுபடியும் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவார்.

இப்போது காலை டீயை இவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் குடிக்கிறேன். நேற்று ஆவியை மோந்துவிட்டு, "ஏலக்காய் கூடிப்போச்சு" என்றார். கூடித்தான் இருந்தது.

போகிறவர்களுக்கு: எட்டரைக்குமேல் பேரருவிப் பக்கம் கார் நிறுத்த இடம் கிடைக்காது. குழாயோடு இருப்பவருக்குக் குடையும் மடக்கு நாற்காலியும் அவசியம். கஞ்சியை பிளாஸ்கில் எடுத்துப்போங்கள், வெந்நீர் எல்லாக் கடையிலும் தருகிறார்கள். தென்காசியில் கோயிலுக்குள் போவதற்கு முன்னால், காரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.