ஒரு முடிச்சு மாத்திரை

விஷயம் தெரியவந்த வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் மூன்று பேர் இருந்தோம். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு பாயில் கிடந்த நான். தலைவலி என்று வேலைக்குப் போகாமல் சுவரில் சாய்ந்திருந்த நைனா. மாதம் ஒருமுறை வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிற சுகாதார அக்கா. அம்மா இல்லை. ஏரிக்கரையில் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள். அவள் அப்போது வீட்டில் இல்லாததுதான் அன்றைக்கு நடந்ததிலேயே ஒரு நல்ல காரியம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு வலது காதில் சீழ் வரும். எண்ணெய் காய்ச்சி ஊற்றினார்கள், பூண்டு வைத்துப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் வலது பக்கம் உட்கார்ந்தவன் எது கேட்டாலும் எனக்குக் காதில் விழாது, அதனால் திமிர் பிடித்தவன் என்று பெயர். இந்த வருஷம் சென்னையில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் காட்டியபோது, சீழ் எலும்பை அரித்துக்கொண்டிருக்கிறது, தள்ளிப்போடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்த அதே வாரத்தில் இன்னொரு தேதியும் வந்தது. நான் எழுதியிருந்த அரசுப் பரீட்சையில் தேறிவிட்டேன், சான்றிதழ் சரிபார்க்க சென்னைக்கு நேரில் வர வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆபரேஷன் முடிந்த பன்னிரண்டாம் நாள். டாக்டரிடம் கேட்டேன். தலைச்சுற்றல் ஒரு வாரம் இருக்கும், அப்புறம் நடக்கலாம் என்றார். அதை நம்பித்தான் படுத்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனா சைக்கிளில் திருத்தணிக்குப் போய், மலையடிவாரத்துக் கடைகளுக்குத் தேங்காய் மூட்டை இறக்குகிறவர். அவருக்குக் கையெழுத்து மட்டும் வரும், அம்மாவுக்கு அதுவும் வராது. கரண்டு பில், ரேஷன் மெசேஜ், பேங்கு பாஸ்புக், பஸ் போர்டு எல்லாவற்றுக்கும் நான்தான். ஒரு கிளார்க் வேலை என்றால் எங்களுக்கு என்ன என்பதை இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

டிஸ்சார்ஜ் அன்று ஒரு தப்பு செய்தேன். நர்ஸ் மாத்திரைக் கவர்களை எடுத்துக்கொண்டு அம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டார், எது எப்போது என்று சொல்லிக்கொடுப்பதற்காக. படுத்தபடியே நான் குறுக்கே பேசினேன்.

"எனக்குப் படிக்கத் தெரியும் சிஸ்டர். குடுங்க, நான் பாத்துக்கறேன்."

அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. அந்த வார்டில் பாதிப் பேருக்கு நர்ஸ் இரண்டு மூன்று முறை விளக்க வேண்டியிருந்தது. எனக்கு வேண்டாம் என்று காட்டிக்கொள்ள நினைத்தேன். அவரும் கவர்களை என் மார்பு மேல் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ரயிலில் அம்மா மடியில் தலை வைத்தே வந்து சேர்ந்தேன். வீட்டில் பாயில் படுத்துச் சீட்டைப் பிரித்தேன். எழுத்துகள் நிற்கவில்லை. முதல் வரி வலது பக்கம் நழுவியது, இரண்டாவது வரி அதன் மேல் ஏறியது. மூன்றாவதற்குள் வாந்தி எடுத்துவிட்டேன். பதினைந்து வருஷம் படித்தவன், ஒரு காகிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அப்புறம் அதைத் தொடவே இல்லை.

அம்மா பதறவில்லை. "எத எத்தினி வேளன்னு மட்டும் சொல்லு கண்ணு, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றாள். ஒவ்வொரு கவராக என் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துச் சொன்னேன். பெரிய மாத்திரை இரண்டு வேளை, தலைச்சுற்றலுக்கு மூன்று வேளை, தும்மல் வராமலிருக்கக் கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரை ராத்திரி மட்டும்.

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் பொதட்டூர்பேட்டையில் லுங்கி மடித்துக் கட்டும் வேலைக்குப் போனவள். எந்தக் கட்டுக்குள் எத்தனை லுங்கி என்று துணி முனையில் முடிச்சுப் போட்டு அடையாளம் வைப்பார்களாம். அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. நைனாவின் பிரஷர் மாத்திரையையும் அப்படித்தான் வைத்திருந்தாள். அதுவும் சின்ன வெள்ளை மாத்திரைதான், ராத்திரி ஒன்று, ஆகவே ஒரு முடிச்சு. இத்தனை வருஷத்தில் ஒருநாள் தவறியதில்லை. அன்றைக்குப் பழைய லுங்கி ஒன்றைக் கிழித்து என் மாத்திரைகளைக் கட்டினாள். நைனாவின் துணி நைந்துபோயிருந்ததால் கையோடு அதையும் மாற்றிக் கட்டினாள். மூன்று முடிச்சு, இரண்டு முடிச்சு, ஒரு முடிச்சு, இன்னொரு ஒரு முடிச்சு. ஒன்று நைனாவின் ஆணியில் தொங்கியது, மற்ற மூன்றும் என் தலைமாட்டு டப்பாவில்.

அதற்கப்புறம் வந்த நாட்களை ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது. கண்ணை மூடினால் பாய் சுழலும், திறந்தால் ஓட்டுக் கூரை சுழலும். முதல் நான்கைந்து நாளில் சுழல்வது மெல்ல நின்றது. சரியாகிவிட்டது என்று எழுந்தேன். இப்போது வேறு மாதிரி வந்தது. எதுவும் சுழலவில்லை, உட்கார்ந்து எழுந்தாலே கண் இருட்டிக்கொண்டு முழங்கால் மடங்கியது. வெளிக்குப் போக அம்மாவின் தோளில் கை போட வேண்டும். இருபத்து மூன்று வயதுப் பிள்ளை, அவளோ என் மார்பளவு உயரம். கதவுக்கு வெளியே திரும்பி நின்றுகொண்டு "ஆச்சா கண்ணு" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதை விட விழுந்துவிடுவது மேல் என்று ஒருநாள் தோன்றியது. அன்று விழவும் செய்தேன்.

பத்தியம் என்று உப்பில்லாத கஞ்சிதான். பக்கத்து வீட்டுக்காரர் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, சம்பளம் வாங்கறதுக்கு முன்னாடியே லீவா" என்று கேட்டுவிட்டுப் போனார். நைனா சிரித்தார். நைனா அந்த நாட்களில் நன்றாக இருந்தார் என்றுதான் நினைத்தோம். படுத்தவுடனே தூங்கினார். இந்த மாசத்துப் பிரஷர் மாத்திரை நல்ல மாத்திரை, தூக்கம் வருகிறது என்று அம்மாவிடம் புகழ்ந்துகூடச் சொன்னார்.

புதன்கிழமை வந்தது. பஸ்ஸோ ரயிலோ ஆகாது என்று நைனா வாடகைக் கார் பேசியிருந்தார். சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்துப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். திருவள்ளூர் தாண்டும் வரை தாக்குப்பிடித்தேன். அங்கே டீக்கடை ஓரத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கினேன், ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கத்தான். நின்றது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது நைனாவின் முகம், அவருக்குப் பின்னால் டிரைவர், என் வாயில் யாரோ சோடா ஊற்றுவது. ஃபைல் மண்ணில் கிடந்தது.

போகலாம் நைனா, போய்ப் படுத்துக்கொண்டாவது காட்டலாம் என்றேன். மறுபடி எழுந்து மறுபடி விழுந்தேன். டிரைவர், ஏதாவது ஆகிவிட்டால் தன் மேல் வரும் என்றார். நைனா என்னைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார்.

"உசுரு இருந்தா இன்னொரு பரிச்ச எழுதலாம். திருப்புப்பா வண்டிய."

வரும் வழியில் அந்த அலுவலக எண்ணுக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. வேறு தேதி தரப்படமாட்டாது என்று அழைப்புக் கடிதத்திலேயே இருந்தது. அது எனக்கு மனப்பாடம், படித்துப் பார்க்க வேண்டியதே இல்லை. பின்சீட்டில் படுத்தபடி அழுதேன். நைனா முன்சீட்டிலிருந்து திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி என் காலைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

இரண்டு நாள் கழித்து அந்த வெள்ளிக்கிழமை. சுகாதார அக்கா நைனாவின் கையில் பட்டையைச் சுற்றி மிஷினை அழுத்தினார். நூற்று எழுபத்தெட்டு. மறுபடி அழுத்தினார், அதேதான்.

"இன்னாண்ணா, மாத்திரய போடறீங்களா, சாமிக்குப் படைச்சிட்டீங்களா?"

தினம் போடுகிறேன், வேண்டுமானால் எண்ணிப் பாரம்மா என்று நைனா ஆணியிலிருந்து துணியை எடுத்துக் கொடுத்தார். அக்கா முடிச்சை அவிழ்த்தார். உள்ளேயிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது தும்மல் மாத்திரை, யாருக்குக் கொடுத்தது என்று கேட்டார். நைனா என்னைக் காட்டினார். அக்கா என் பக்கம் வந்து என் கையிலும் பட்டையைச் சுற்றினார். தொண்ணூறுக்கும் கீழே. தலைமாட்டு டப்பாவிலிருந்து ஒரு முடிச்சுத் துணியை எடுத்து அவிழ்த்தார். அட்டையில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது.

"தம்பி, எத்தினி நாளா இத போட்டுகினு இருக்க?"

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. எனக்கு இல்லாத பிரஷரை நைனாவின் மாத்திரையால் ராத்திரி ராத்திரி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறோம், உப்பில்லாத கஞ்சியை வேறு மேலே ஊற்றிக்கொண்டு. அட்டையில் பெயர் அச்சடித்துத்தான் இருந்தது. என் தலைக்கு ஒரு முழத் தூரத்தில் டப்பாவுக்குள் இருந்தது. அம்மா அட்டையைப் பிய்த்து வாயில் போட, கண்ணை மூடிக்கொண்டே விழுங்கியவன் நான்.

இதை நிறுத்து, கஞ்சியில் உப்புப் போடு, இரண்டு நாளில் நடப்பாய் என்றார் அக்கா. அம்மாவை வரச்சொல்லுங்க, நான் விளக்கிச் சொல்கிறேன் என்று உட்காரப் போனவரை நைனா தடுத்தார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"அவகிட்ட சொல்லாதம்மா. அந்தப் பரிச்ச தன்னாலதான் போச்சின்னு தெரிஞ்சா சோறு துன்னமாட்டா."

அக்கா என்னைப் பார்த்தார். நானும் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவளால் மட்டும் போகவில்லை, நர்ஸ் சொல்ல வந்ததைத் தடுத்தவன் நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நைனா இரண்டு துணியையும் தன் கையாலேயே மாற்றிக் கட்டினார். அம்மா போடுவது மாதிரி முடிச்சு சரியாக விழவில்லை, மூன்று முறை அவிழ்த்துக் கட்டினார்.

மத்தியானம் அம்மா வந்தாள். கால் கழுவிவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கஞ்சியில் உப்புப் போடச் சொல்லி அக்கா சொன்னார் என்றேன், சரி என்றாள். ஆபரேஷன் தலைச்சுற்றல்தானாம், இரண்டு நாளில் போய்விடுமாம் என்றேன். அதற்கும் சரி என்றாள். தட்டைக் கையில் வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஆஸ்பத்திரி ஃப்ரீன்னாங்க. அப்புறமும் துட்டு போயிகினேதான கிது. மொத்தமா எவ்ளோ ஆச்சி கண்ணு?"

கணக்கு என்றால் வீட்டில் என்னைத்தான் கேட்பார்கள். நைனா ஆணிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் திரும்பிய காருக்கு இரண்டாயிரம். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் அறுநூற்று நாற்பது. வெளியே வாங்கிய காதுச் சொட்டு மருந்துக்கும் பஞ்சுக்கும் முந்நூற்றுப் பத்து. கண்ணை மூடிக் கூட்டினேன். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ஆச்சும்மா என்றேன்.