வதிவிட நிபந்தனை

நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸ் தரப்பில் வழக்கு நடத்துவதுதான் என் வேலை. அன்று மனைவியை அடித்த ஒருவனுக்குப் பிணை கேட்டார்கள். ஆட்சேபனை உண்டா என்று நீதவான் என்னைக் கேட்டார்.

"இல்லை. தன்னுடைய வதிவிடத்திலேயே தங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விடலாம்" என்றேன். பெரிய கண்டிப்பானவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பின்வாங்கிலிருந்து அவன் மனைவி எழும்பி, "சேர், அது..." என்றாள். கையைக் காட்டி இருத்திவிட்டேன். இன்னும் நிறைய வழக்குகள் கிடந்தன, எனக்குப் பசி வேறு.

எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்குத்தான் போவான். வீடு பெண்ணின் சீதனம். ஆனால் பொலிஸ் அறிக்கையில் அவனுடைய முகவரியும் அதுவே. நானும் இருபது வருடமாக மனைவியின் வீட்டில் இருந்துகொண்டு 'என்ட ஊடு' என்று சொல்லித் திரிபவன்தானே, எனக்கு அது உறைக்கவேயில்லை. அடி வாங்கியவளின் வீட்டுக்கே, கட்டளையும் வாங்கிக் கொடுத்து, அவனை அனுப்பிவிட்டேன். ஒலுவில் என்ற ஊரில் அவனுடைய உம்மா வீடு இருந்தது. அந்த முகவரியைக் கேட்டு நிபந்தனையில் எழுதியிருந்தால் போதும்.

மூன்றாம் நாள் அவள் கையை முறித்துவிட்டான்.

எனக்கு முதலில் வந்த பயம் அவளைப் பற்றியதல்ல. பழக்கமான ஒரு சட்டத்தரணியிடம் ஓடினேன்.

"கவனக்குறைவு எண்டு என்மேல வழக்கு வைக்க ஏலுமா?"

"லேசில ஏலா. நல்லெண்ணத்தில செஞ்சதெண்டு சொன்னா முடிஞ்சிது. கட்டளை போட்டது நீதவான்தானே" என்று சிரித்தார்.

வெளியே வந்து ஆறுதலாக ஒரு பிளேன்டீ குடித்தேன். அது இனித்ததை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகுதான் மன்னிப்புக் கேட்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைக் கண்டதும் நல்ல கையால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மரியாதைக்கு எழும்பப் பார்த்தாள்.

"உங்கள்ல பிழை இல்ல சேர். அண்டைக்கு நான்தான் கொஞ்சம் சத்தமாக் கதைச்சிருக்கணும்" என்றாள்.

'இல்ல தங்கச்சி, பிழை என்ட' என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

"ஓம்" என்று தலையாட்டினேன்.