மைதீன் பாயும் எங்கள் காரின் ஏசியும்

மைதீன் பாய் இறந்துவிட்டார்.

மேலப்பாளையத்தில் கார் ஏசி மெக்கானிக். நேற்று மத்தியானம் எங்கள் வாசலில் நின்ற காருக்குள் இரண்டு மணி நேரம் தலைகீழாகக் கிடந்து வேலை பார்த்தவர்... இன்று காலை சுபுஹுத் தொழுகைக்கு எழுப்பப் போனால் எழும்பவில்லையாம்.

நான்தான் கூப்பிட்டேன். அந்த வெயிலில்.

இதை எங்கேயாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். தயவுசெய்து யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம்.

என் மகள் யாழினியைப் பற்றி இங்கே பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு... அவளுக்குப் பிறவியிலேயே வியர்க்காது. வெக்கை பட்டால் உடம்புச் சூடு காய்ச்சல் மாதிரி ஏறிக்கொண்டே போகும். எட்டு வயது. அவளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகத்தான் ஏசி வைத்த ஒரு பழைய காரை வாங்கினோம்.

வாங்கிய கொஞ்ச நாளிலேயே அதில் குளிர்ச்சி இல்லை. பார்த்த மெக்கானிக் எல்லோருக்கும் ஒரே பல்லவி, கேஸ் போய்விட்டது என்று. இரண்டு தடவை கேஸ் ஏற்றினோம். பிள்ளை முகம் சிவந்துகொண்டேதான் இருந்தது.

பாய் மட்டும் எதையும் கழற்றவில்லை. துண்டுப் பேப்பர் ஒன்றைக் கிழித்து, காற்று வரும் ஒவ்வொரு இடத்திலும் பிடித்துப் பார்த்தார். முகத்துக்கு நேரே பேப்பர் அசையவே இல்லை. முன் கண்ணாடிக்குக் கீழே கொண்டுபோனதும் படபடவென்று அடித்தது.

"கேஸுலாம் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. காத்துதான் வழி தப்பிப் போவுது."

டேஷ்போர்டுக்கு உள்ளே காற்றைத் திருப்பிவிட ஒரு சின்னக் கதவு இருக்கிறது. நாம் குமிழைத் திருகினால் ஒரு கேபிள் அந்தக் கதவை இழுக்க வேண்டும். அந்தக் கேபிள் கழன்று கிடந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்... இதற்காக நான் எத்தனை நாள் அழுதிருக்கிறேன்!

வேலை முடிந்ததும் சாவிக்குக் கை நீட்டினேன். தரவில்லை. பிள்ளை எங்கே என்றார்.

அது அவர் வழக்கம். யாருக்குக் காற்று வேண்டுமோ அவர்கள் உட்கார்ந்து "வருது" என்று சொல்ல வேண்டும். அதுவரை அவருக்கு வேலை முடியாது. யாழினியை சீட்டில் உட்கார வைத்து, அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பைய பையத் திருப்பினார். "வருது மாமா" என்று அவள் சொன்ன பிறகுதான் சாவி என் கைக்கு வந்தது.

ஒரு தடவை அவர் பட்டறையில் என் கண் முன்னாலேயே ஒரு டிரைவரைத் திருப்பி அனுப்பினார். பின் சீட்டில் உட்காருகிற முதலாளியம்மா வந்து சொன்னால்தான் காரைத் தருவாராம். "ஏலே, உனக்கா வேர்க்குது?" என்று கேட்டார். அந்த ஆள் முனகிக்கொண்டே போனான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நேற்று பரீட்சை முடிந்து வரும் வழியில் மறுபடியும் அதே கோளாறு. காற்று முழுக்கக் கண்ணாடிக்குப் போனது. சிக்னலில் நிற்கும்போது திரும்பிப் பார்க்கிறேன்... பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. ஈரத் துண்டைப் போர்த்தி எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன்.

இன்றும் பரீட்சை. பாய்க்குப் போன் போட்டுக் கத்தினேன். கெஞ்சினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கத்தினேன். பதினைந்து நிமிஷத்தில் ஸ்கூட்டரில் வந்து நின்றார். மணி ஒன்று. எங்கள் தெருவில் ஒரு மரம் கிடையாது.

இந்த முறை கேபிளே அறுந்திருந்தது. புதுசு வர நாலு நாளாகும் என்றார். அதுவரை அந்தக் கதவு முகத்துப் பக்கமே நிற்கிற மாதிரி கம்பி போட்டுக் கட்டினார். மழை வந்தால் கண்ணாடி மங்கும், துணி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இந்தச் சித்திரையில் மழைக்கு எங்கே போக...

முடித்துவிட்டுப் பிள்ளையை உட்காரச் சொன்னார். இப்போதுதான் தூங்குகிறாள் பாய், நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அரை மனதாகத் தந்தார்.

நான் கொடுத்த தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியைப் பிடரியில் ஊற்றிக்கொண்டார். வாசல்படியில் உட்கார்ந்தார்.

"லேசா கிறுகிறுன்னு வருது தங்கச்சி."

கேட்டேன். காதில் நன்றாகவே விழுந்தது. கொஞ்சம் உட்காருங்கள் பாய் என்று சொல்லிவிட்டு, யாழினிக்குச் சூடு இறங்கிவிட்டதா என்று பார்க்க உள்ளே ஓடினேன். திரும்பி வந்தபோது ஸ்கூட்டர் இல்லை.

இன்று காலை காற்று நன்றாக வந்தது. சாயங்காலம் போன் பண்ணிச் சொல்லலாம் என்று நினைத்தேன். பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போது அவர் நம்பரில் ஒரு ஸ்டேட்டஸ். அவர் போட்டோ. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று மகன் போட்டிருந்தார்.

மகளைக் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டு மேலப்பாளையம் போனேன். பெண்கள் இருந்த அறையில் நான் யார் என்று யாரோ சொன்னார்கள். பாயின் மனைவி நிமிர்ந்து பார்த்தார். இப்போது கேட்கப் போகிறார், ஏன் அந்த வெயிலில் கூப்பிட்டாய் என்று கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்து வந்ததுல இருந்து ஒரே பேச்சுதாம்மா. பிள்ளைய உக்கார வச்சுப் பாக்காம வந்துட்டேன், காலையில கேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக... மூஞ்சிக்குக் காத்து வருதா?"

வருகிறது என்று தலையை ஆட்டினேன். கிறுகிறுவென்று வந்ததை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அங்கே சொல்லாததைத்தான் இங்கே சொல்லியிருக்கிறேன்.

மைதீன் பாய்... இன்னைக்குக் காலையில யாழினி உக்காந்தா.

வருதுன்னு சொன்னா.